கட்டுப்பாடு கசக்கவில்லை, பாரபட்சம் கசந்தது



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, மலேசிய மக்களில் பெரும்பாலோர் அதற்குக் கட்டுப்பட்டு வீட்டிலேயே இருந்தனர். கோபம் பிறகுதான் மூண்டது.

துருக்கியிலிருந்து திரும்பியதும் தனிமைப்படுத்தலை மீறிய அமைச்சருக்கு அதே ஆண்டில் விதிக்கப்பட்ட அபராதம் 1,000 வெள்ளி. 2021-இல் நேரம் கடந்து வியாபாரம் செய்த கிளந்தான் பர்கர் வியாபாரிக்கோ 50,000 வெள்ளி!

2021 ஜூன் 1-இல் முழு முடக்கம் வந்தது. அரிசிப் பானை காலியான குடும்பங்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டின. உணவுப் பொட்டலங்களோடு ஓடி வந்தவர்கள் அண்டை அயலார்.

மக்கள் கேட்டது சலுகையல்ல. அமைச்சருக்கும் வியாபாரிக்கும் ஒரே தராசு. கதவை அடைக்கும் முன்பே அடுப்பெரிய ஒரு வழி. அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் இவ்விரண்டையும் அரசாங்கம் உறுதிசெய்ய வேண்டும்.