நம் கையில் நம் ஏடு

வெளி மாநிலத்தில் நாம் நடத்திவரும் தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் வரவு செலவும் முன்பு கட்டண மென்பொருள் ஒன்றில் அடைபட்டிருந்தன. உரிமம் முடிந்த அன்று நம் ஏட்டை நாமே திறக்க இயலவில்லை. மீண்டும் பணம் கட்டியே மீட்டோம்.

அதன் பின்னரே லினக்ஸை நாடினோம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். பழைய கணினி ஒன்றில் இதனை நிறுவி, வலைப்பக்கங்களை அனுப்ப அப்பாச்சியையும், பட்டியலைக் காக்க மரியாடிபியையும் அமைத்தோம். சங்கக் கட்டடத்தின் மற்றக் கணினிகளுக்கு முகவரி வழங்கி, அவற்றை இணைப்பதும் அதுவே.

உரிமக் கட்டணம் இல்லை, உழைப்பு உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவதும், படியெடுத்து வேறிடத்தில் வைப்பதும் நம் கடமை. வாடகை வீட்டில் வாழும் நமக்குச் சொந்தச் சாவியின் அருமை தெரியாததன்று. பிற ஊர்ச் சங்கத்தாரும் பழைய கணினி ஒன்றைக் கொண்டு தொடங்கிப் பார்க்கலாம்.