கூலி குறைவுக்குக் குழந்தைகளா காரணம்?

(அரியலூர் வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"ஜனங்கள் பெருத்துவிட்டார்கள், அதனால்தான் தரித்திரம்" என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. டீக்கடையில் கேட்கிறோம், ரேஷன் வரிசையில் கேட்கிறோம். கூலி உயர்வு கேட்டுப் போனால், "உனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று திருப்பிக் கேட்கிற எஜமானர்களும் உண்டு. அந்தக் கணக்கை நம் ஊரை வைத்தே போட்டுப் பார்த்துவிடுவோம்.

இன்று பெரம்பலூர் ஜில்லாவாக இருக்கும் பகுதியில் 2001ல் 4,93,646 பேர் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 5,65,223 பேர். அரியலூர்ப் பகுதியில் 6,95,524 பேர் 7,54,894 ஆனார்கள். பத்து வருஷத்தில் பெரம்பலூரில் நூற்றுக்குப் பதினாலரை, அரியலூரில் எட்டரைதான் கூடியிருக்கிறது. தேசம் முழுவதற்கும் இது பதினேழரைக்கு மேல். தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த ஜனத்தொகை உள்ள ஜில்லா நம் பெரம்பலூர். தலைகள் குறைந்தால் செல்வம் பெருகும் என்பது வாஸ்தவமானால், சென்னைக்காரன் பிழைப்புத் தேடி வேப்பந்தட்டைக்கு அல்லவா பஸ் ஏறியிருக்க வேண்டும்! நம் பிள்ளைகள்தான் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு வயது இருநூறுக்கு மேல். 1798ல் மால்தஸ் என்ற இங்கிலீஷ் பாதிரியார், மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்று எழுதினார். நம் தேசத்தில் நடந்தது என்ன? 1951ல் 36 கோடிப் பேர். தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன். 2011ல் 121 கோடிப் பேர்; விளைச்சல் சுமார் 26 கோடி டன். வாய்கள் மூன்று மடங்குக்குச் சற்று மேல் பெருகின. தானியம் ஐந்து மடங்கு பெருகியது. அதை விளைவித்தவர்கள் யார் என்று இந்தக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை.

1943 வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள், மீனவர்கள், கைத்தொழிலாளர்கள். அரிசி அடியோடு இல்லாமல் போகவில்லை. விலை ஏறியது, கூலி ஏறவில்லை, வாங்கக் கையில் காசில்லை. அமர்த்தியா சென் 1981ல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்கோடு காட்டினார். கல்கத்தா ஆலைகளுக்கு அரிசி போயிற்று. அதை நட்டு அறுத்த கிராமம் பட்டினி கிடந்தது.

மார்க்ஸ் 1867லேயே இதன் ஆணிவேரைப் பிடித்தார். வேலைக்கு மேல் ஆள் நிற்பது பிறப்பின் கணக்கால் மட்டும் வருவதல்ல. முதல் போடும் முறையே அதை உண்டாக்குகிறது என்றார். யந்திரம் பத்துப் பேர் வேலையை இரண்டு பேரிடம் கொடுக்கிறது. மீதி எட்டுப் பேர் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே இருப்பவனை மிரட்ட அந்த எட்டுப் பேர் போதும்.

நம் மண்ணில் இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன. சுரங்கம் விழுங்கிய நிலம் எத்தனை, அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த நிரந்தர வேலை எத்தனை? ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தினார்கள். இருபது வருஷம் கடந்தும் ஒரு யூனிட் மின்சாரம் வரவில்லை. முந்திரித் தோப்பை இழந்தவன் கோர்ட்டுக்கு நடந்தான். பெரம்பலூரில் 2007ஐ ஒட்டிச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சுமார் 3,000 ஏக்கர் போயிற்று. சொன்ன தொழிற்சாலைகள் வரவில்லை. அங்கே கூலியாள் மிகுந்து போனதற்கு எந்தத் தொட்டில் பொறுப்பு?

மாறாக ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2005ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்து, நம் பக்கம் வேலை நடக்கத் தொடங்கியதும், "களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை" என்று பெரும் பண்ணைக்காரர்கள் புலம்பினார்கள். ஜனத்தொகை குறைந்தா போயிற்று? இல்லை. வாசலில் நின்றவனுக்கு வேறொரு வாசல் திறந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் தோழர்களே, எண்ணிக்கையால் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். நாலு ஏக்கர் கரிசலை நாலு மகன்கள் பிரித்தால் ஆளுக்கு ஓர் ஏக்கர். ஒரு கிணற்றை நாலாகப் பிளக்க முடியாது. மக்காச்சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்து நிற்கும் பூமியில் இது சில்லறைக் கஷ்டமல்ல. அதைவிடப் பெரிய நஷ்டம், ஆறு, ஏழு பிரசவத்தில் உடம்பு உருக்குலைந்த நம் தாய்மார்களுடையது. அளவான குடும்பம் அவர்களுடைய உரிமை. பணக்காரனின் உபதேசமாக அதைப் பார்த்து நாம் முகம் சுளிக்க வேண்டாம்.

பிறப்பு எதனால் குறைந்தது? 1971ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020ல் அது 13. பிறந்தது பிழைக்கும் என்ற தைரியம் வந்தது. சத்துணவும் பள்ளிக்கூடமும் வந்தன. பெண் படித்தாள், பிந்தி மணந்தாள். சராசரியாக நாலு பெற்ற இடத்தில் இரண்டுக்கும் குறைந்தது. 1976ல் நெருக்கடி நிலையின்போது ஏழைகளைப் பிடித்துப் போய்க் கட்டாய ஆபரேஷன் செய்தார்களே, அந்த வழியில் வந்ததல்ல இது.

இங்கே ஒரு கசப்பான கணக்கையும் வைக்க வேண்டும். 2011ல் அரியலூர் ஜில்லாவில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 897தான். பெரம்பலூரில் 913. இயற்கையாக விட்டால் இது 950ஐ ஒட்டி இருக்க வேண்டும். "இரண்டு போதும்" என்று முடிவு செய்த வீடு, அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறது. ஸ்கேன் செய்து பெண்ணென்று சொல்வதைத் தடுக்க 1994லேயே சட்டம் வந்தது. சட்டப் புத்தகம் அலமாரியில் இருந்தது. வரதட்சணை வாசலில் இருந்தது. இதை முதலாளி தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் எழுந்து போக முடியாது. செங்கொடி பிடித்த வீட்டிலும் பெண் பிறந்தால் முகம் வாடுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்றாலும் பெண்தான் படுக்கிறாள். செய்துகொள்ளும் ஆண் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர். அது சுலபமான ஆபரேஷன் என்பது தெரிந்தும்!

இப்போது காற்று திசை மாறுகிறது. ஐம்பது வருஷம் "குறைத்துப் பெறு" என்ற தேசத்தில், 2024 அக்டோபரில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் ஆட்சித் தலைவர்களே அதிகம் பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். முதியோர் பெருகுகிறார்கள் என்ற கவலை பொய்யல்ல. 2011லேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆனால் நாற்பது வருஷம் சிமெண்ட் மூட்டை தூக்கியவனுக்கு, நாற்று நட்டு முதுகு வளைந்தவளுக்கு, பென்ஷன் கேட்டால் பிள்ளையைக் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளை ஒப்பந்தக் கூலி. தன் வயிற்றுக்கே தாளம் போடுகிறான்.

ஆகவே அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையும் மூன்று கணக்கை எடுத்துத் தர வேண்டும். ஊரில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் எத்தனை, பெண் எத்தனை? அறுபது தாண்டியவர்களில் முதியோர் பென்ஷன் இல்லாதவர் எத்தனை பேர்? பக்கத்து ஆலையில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஒப்பந்தக்காரரிடமே வேலை செய்கிறவர் எத்தனை பேர்? முதல் கணக்கை மாதர் தோழர்கள் எடுக்கட்டும். ஆனால் அதைக் கிளைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியவர்கள் ஆண்கள். மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.