தூது சென்ற தமிழ்மகள்

(நெட்டப்பாக்கத்தில் நிகழ்த்திய பொழிவு)



போரைத் தடுப்பதிலும் அமைதி ஆக்குவதிலும் பெண்டிர்க்குப் பங்கு வேண்டுமென ஐ.நா. பாதுகாப்பு அவை 31.10.2000 அன்று தன் 1325ஆம் முடிவை நிறைவேற்றியது. தமிழர்க்கு இது புதிதன்று. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடம் ஔவையாரையே தூது விடுத்தான். படைக்கொட்டிலைக் காட்டிய தொண்டைமானிடம், அவன் படைக்கருவிகள் புதுமை குன்றாதிருப்பதையும், அதியமான் வேல்கள் போரில் சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடப்பதையும் ஒப்பிட்டுரைத்தார் அவர். புறநானூற்று 95ஆம் பாட்டு இதற்குச் சான்று.

ஈழத்தில் நிகழ்ந்ததென்ன? 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் நடந்த முதன்மைப் பேச்சு பெரிதும் ஆடவர் கையிலேயே இருந்தது. பெண்டிர்க்கெனத் துணைக்குழு ஒன்று தனியே அமைந்தது. சிங்கள அரசின் சார்பில் ஐவர், புலிகள் சார்பில் ஐவர். 2003 மார்ச்சுத் திங்களில் அவர்கள் கிளிநொச்சியில் கூடினர். அடுத்த திங்களே முதன்மைப் பேச்சு நின்றது. துணைக்குழுவின் பணியும் அதனோடு ஓய்ந்தது.

பக்கத்து அறையில் அமர்த்தப்பட்டோர் நடு அவையின் முறிவை எங்ஙனம் தடுப்பர்? அதியமான் ஔவையைத் துணைக்குழுவிலா அமர்த்தினான்? தன் நாவாகவே அனுப்பினான்! போரில் மகனை இழப்பவள் தாய். போரைத் தடுக்கும் அவையில் அவளுக்கு நடுவிருக்கை வேண்டும். நெட்டப்பாக்கத்தில் ஊர்ப்பூசல் தீர்க்கும் திண்ணையிலிருந்தே அது தொடங்குக!

வாழ்க தமிழ்!