இலிகிதர் மேசையிலிருந்து தரவு ஆய்வுக்கு
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கந்தோர் வேலையை விட்டுத் தரவு ஆய்வுத் துறைக்குப் போகலாமா என்று தம்பிமாரும் தங்கைமாரும் எம்மை அடிக்கடி வினவுகின்றனர். ஒரு திணைக்களத்தில் பதினோராண்டு இலிகிதராயிருந்து அவ்வழியே சென்றவர் நாம். அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்ற வீடு எமது வீடு. ஓய்வூதியமுள்ள வேலையை விட்டோமென்று எம் தாயார் இரண்டு மாதம் எம்முடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் அஞ்சியதிலும் நியாயம் இருந்தது; புதிய இடத்தில் முதலாண்டுச் சம்பளம் பழையதிலும் குறைவே.

இது புதுமையான வித்தை என்று பலர் மலைக்கின்றனர். நாமும் மலைத்தோம். சம்பளப் பட்டியலையும் லீவுப் பதிவேட்டையும் அருகருகே விரித்து, உத்தியோகத்தர் இலக்கத்தைக் கொண்டு வரிக்கு வரி ஒப்புநோக்குவது எமது மாதாந்த வேலை. பின்னர் எஸ்.கியூ.எல். கற்கத் தொடங்கியபோது, இரண்டு அட்டவணைகளைப் பொது இலக்கமொன்றால் இணைக்கும் பாடம் வந்தது. அட, இதைத்தானே சிவப்புப் பென்சிலோடு இத்தனை காலமும் செய்தோம் என்று சிரித்துவிட்டோம்! 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கொட் வகுத்த முறையின் அடிப்படை அதுவே.

ஆகவே பழைய அனுபவத்தை வீசிவிட்டுப் போகாதீர்கள். 2020இல் இங்கிலாந்திலே கொரோனாத் தொற்றாளர் 15,841 பேரின் விவரம் நாளாந்தக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயிற்று. பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய பட்டியல்களைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினர். அக்கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மிகுதி சத்தமின்றி உதிர்ந்தது. அவர்களோடு பழகியோரைத் தேடும் பணியும் பிந்திற்று. வந்த வரி எத்தனை, ஏறிய வரி எத்தனை என்று கூட்டிப் பார்க்கும் பழக்கம் எந்தக் கணக்குப் பிள்ளைக்கும் உண்டு. இன்று செயற்கை நுண்ணறிவு நொடியிலே கட்டளைகளை எழுதித் தருகிறது. விடை பொருந்துமா என்பதை அந்த எண்கள் பிறந்த இடத்தை அறிந்தவரே சொல்லவேண்டும்.

வேலையை முதலில் விட்டுவிடாதீர்கள். நாம் ஒன்றரை ஆண்டு இரவிலே படித்தோம். சான்றிதழ்களை அடுக்குவதிலும், உங்கள் பகுதியில் மூன்று நாள் எடுக்கும் அறிக்கையொன்றை மேலதிகாரியின் அனுமதியோடு ஒரு மணித்தியாலத்தில் முடித்துக் காட்டுவது மேல். எம்மை நேர்முகத்தில் கேட்டது அத்தகைய அறிக்கையைப் பற்றித்தான். சான்றிதழை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. (இரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கடனும் உள்ளவர் ஆறுமாதச் செலவை ஒதுக்கிவிட்டு இறங்குவது நன்று. இதைப் பெரியோருக்காகச் சொல்லவில்லை. எமக்கே யாரும் சொல்லவில்லை.)

வருகின்ற ஞாயிறு மாலை சங்க நூல்நிலையத்தில் எமது மடிக்கணினியோடு இருப்போம். விருப்பமுள்ளோர் வரலாம். கந்தோர்க் கோவைகளைக் கொண்டுவர வேண்டாம். அவை வெளியே போகத்தகாதவை. வீட்டுச் செலவுக் கொப்பி போதும்.