ஆய்வேட்டுக்கு மார்க் போடுவது யார்?



எழுதிக் கொடுத்த ஆய்வேடு அப்புறம் என்ன ஆகிறது? மேற்படிப்புக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்.இ. ப்ராஜெக்ட்டுக்கு மார்க் உண்டு. நடுவில் ரிவியூ, கடைசியில் வைவா. பி.எச்டி.க்கு மார்க் கிடையாது. தேறியதா, இல்லையா, அவ்வளவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி, வழிகாட்டியோடு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படிக்க வேண்டும். வெளித் தேர்வாளர் ஒருவர் ‘சரியில்லை’ என்றால் இன்னொருவருக்கு அனுப்புவார்கள். அவரும் அப்படியே சொன்னால் நிராகரிப்புதான். அறிக்கைகள் சரியாக இருந்தால்தான் வைவா.

காப்பியடித்ததா என்ற சோதனையும் உண்டு. 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து.

“அண்ணா, அப்போ பத்துக்குள்ள கொண்டுவந்துட்டா போதும்ல?” என்று ஒரு தம்பி கேட்கலாம். போதாதப்பா! கம்ப்யூட்டர் ஒப்பிடுவது எழுத்தைத்தான். வேலையை யார் செய்தது என்று அதற்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டும் அதில் தப்பித்துவிடும்.

வைவாவில் தப்பிப்பது கஷ்டம். “இந்த கிராஃப்ல இந்த ஒரு புள்ளி மட்டும் ஏன் விலகி நிக்குது?” என்று கேட்டால் வாங்கியவன் வழிகாட்டியின் முகத்தைப் பார்ப்பான். செய்தவன், “அன்னிக்கு கரண்ட் போய் வந்தது சார், மறுபடி மூணு தடவை எடுத்துப் பார்த்தோம்” என்பான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் கேட்பதும் இதே மாதிரி கேள்விகளைத்தான்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, தினமும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தப்பாக வந்த ரீடிங்கையும் அடித்துவிடாமல் வையுங்கள். வைவாவில் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த நோட்டுதான்.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வைவாவை பத்து நிமிஷச் சடங்காக முடித்துவிடாதீர்கள். அப்படி முடித்தால், ராத்திரி பகலாக லேபில் நின்ற பிள்ளைக்கும் விலைக்கு வாங்கிய பிள்ளைக்கும் ஒரே மார்க் விழும். அது பெரிய அநியாயம்.

நம் சங்கத்திற்கும் ஒரு யோசனை. வருஷாவருஷம் வைவாவுக்கு முன்னால் பழைய மாணவர்கள் நாலு பேர் வந்து ஒரு மாதிரி வைவா நடத்தலாம். கூப்பிடுங்கள், ஒரு சனிக்கிழமை நான் வரத் தயார்.