இரும்புக் கட்டையைப் பிடுங்கப் போறீங்களா?

இன்றைக்கு வேலி விஷயம். பழைய வேலியைக் கழற்றிட்டுப் புதுசு போடணும், இரும்புக் கட்டை மண்ணை விட்டு வரமாட்டேங்குது, என்ன செய்யலாம்னு பல பேர் கேட்கிறாங்க. நம்ம மாத்தளை மாவட்டத்துல உக்குவளை, இரத்தோட்டை பக்கம் மிளகு வைத்திருக்கிறவங்களுக்கும் இந்தத் தொல்லை இருக்கு. தம்புள்ளை, கலேவெல பக்கம் வெங்காயம் போடுறவங்களுக்கும் இருக்கு. லயத்தை விட்டு வெளியே தனி வீடு கட்டுறவங்க சொல்லவே வேண்டாம்.

ஏழடி எங்கல் அயன் கட்டை ஒன்றை ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு ஏத்தம் ஏறிடலாம். அவ்வளவுதான் அதன் கனம். அதே இரும்பு இரண்டடி மண்ணுக்குள்ள இருந்தால் மூன்று பேர் இழுத்தாலும் அசையாது. பிடிச்சு வைத்திருக்கிறது மண். வருஷக்கணக்கா மழை பெய்து மண் இறுகியிருக்கு, துரு ஏறி இரும்பு பருத்திருக்கு, பக்கத்து மரத்து வேர் சுற்றியிருக்கு. இந்தப் பிடியை முதல்ல விடுவிக்கணும், பிறகுதான் தூக்கணும். பிடி விடாமல் தூக்கப் போனால் இடுப்புப் பிடிச்சு நாலு நாள் படுக்க வேண்டியதுதான்.

அலவாங்கை எடுக்கிறதுக்கு முன்னால, அந்தக் கட்டை யாருடையதுன்னு கேளுங்க. எல்லைக் கட்டை என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. "அண்ணே, கட்டை உக்கிப் போச்சு, மாத்தப் போறேன், வந்து பாருங்க"ன்னு ஒரு வார்த்தை. அவர் கண் முன்னாலயே பழைய கட்டை நின்ற இடத்துல முளைக்குச்சி அடிச்சு, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்க. தோட்டத்துல ஏழு பேர்ச் காணி கிடைச்சவங்க இதைக் கட்டாயம் செய்யணும். ஒரு பேர்ச் என்கிறது 272 சதுர அடியும் கொஞ்சமும். ஐம்பதடி நீள வேலி ஒரே ஒரு அடி நகர்ந்தால் 50 சதுர அடி, கிட்டத்தட்ட பேர்ச்சில் ஐந்தில் ஒரு பங்கு, கைமாறிப் போகுது. அதுக்காக வருஷக்கணக்கா வழக்குப் பேசுற குடும்பங்கள் இருக்கு. நில அளவையாளர் நாட்டின எல்லைக்கல் தென்பட்டால் அதைத் தொடவே வேண்டாம். அதை அசைக்கிறது சட்டப்படி குற்றம்.

பழைய தோட்டங்கள்ல தண்டவாளத் துண்டையே கட்டையா நட்டிருப்பாங்க. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880ல, அதனால நம்ம பக்கம் பழைய தண்டவாளத்துக்குப் பஞ்சமில்லை. பிடுங்கினதும் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோற ஆசை வரும். துரை ஒப்பீஸிலிருந்து எழுத்து இல்லாமல் அதை லொறியில ஏற்றாதீங்க. வழியில பொலிஸ் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

வில்கமுவ, லக்கல, கலேவெல பக்கத்து நேயர்களுக்குத் தனியா ஒரு சொல். யானை மின்வேலி சில இடத்துல கம்பி தொங்கி, கட்டை சாய்ஞ்சு, செத்த வேலி மாதிரி நிற்கும். கரண்ட் இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அதோட, ஒரு கட்டையை எடுத்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் இராத்திரி யானை வரும், வந்து உங்கள் வயலோட நிற்காது, ஊருக்கே வரும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்க, நீங்களா கை வைக்க வேண்டாம்.

சரி, உங்கள் சொந்தக் கட்டைதான். இப்போ அது பிடுங்கத் தாங்குமான்னு பார்க்கணும். இரும்பு மண்ணுக்கு ஆழத்துல அவ்வளவு சீக்கிரம் உக்காது. காற்றும் ஈரமும் சேர்ந்து படுற இடம், அதாவது தரைமட்டத்துக்குக் கீழே ஒரு நாலு அங்குலம், அங்கேதான் உக்கும். அந்த இடத்து மண்ணைக் கையால சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தியலால மெதுவா ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. கணீர்னு சத்தம் வந்தால் உள்ளே இரும்பு இருக்கு. பொத்துன்னு கேட்டு, தம்புள்ளைப் பெரிய வெங்காயத்துத் தோல் மாதிரி துரு ஏடு ஏடா உரிஞ்சு வந்தால், அந்தக் கட்டையை ஆட்டவே கூடாது. ஆட்டினால் அந்த இடத்துல முறிஞ்சு அடிப்பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அதுக்குச் சுற்றித் தோண்டுறது ஒன்றுதான் வழி.

அடுத்தது கம்பி. முள்ளுக்கம்பியை நடுவுல வெட்டாதீங்க. இழுத்துக் கட்டின கம்பி வெட்டினதும் சுருண்டு அடிக்கும், கண்ணுதான் போகும். முதல்ல ஒவ்வொரு கட்டையிலும் உள்ள கட்டுக்கம்பியைக் குறட்டால அவிழ்த்து, கம்பியைத் தொய்ய விட்டு, பிறகு ஒரு முனையிலிருந்து ஒரு தடியில சுற்றிக்கொண்டே வாங்க. தோல் கையுறை, பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்க. துருப்பிடிச்ச முள் கிழிச்சால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி போட்டுக்கொள்ளணும். கிளிசரிடியா மரம் கம்பியை விழுங்கி வளர்ந்திருந்தால் அதோட மல்லுக்கட்டாதீங்க. இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு அந்தத் துண்டை மரத்திலேயே விடுங்க, மரத்துல ஒரு பெயின்ட் அடையாளம் போடுங்க. பிறகு மரம் அறுக்க வர்ற தம்பியின் வாள் தப்பும்.

வெட்டின துண்டுக் கம்பிகளைப் புல்லுல சிதற விடுறது நம்ம ஊரில் பெரிய கெட்ட பழக்கம். மாடு புல்லோட அதையும் விழுங்கும். இரைப்பையில தங்கின கம்பி குத்திக்கொண்டு முன்னால போனால் இதயம் வரைக்கும் எட்டும். நல்லாப் பால் கறந்த மாடு திடீர்னு தீனி எடுக்காமல் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில கட்டி வேலி ஓரமா இழுத்துக்கொண்டு போனீங்கன்னா என்னவெல்லாம் ஒட்டுதுன்னு பாருங்க.

இப்போ மண். நம்ம மாவட்டத்துல இரண்டு விதமான மண் இருக்கு. இரத்தோட்டை, எல்கடுவ மலைப்பக்கம் ஈரம் காக்கிற மண், அலவாங்கு போட்டாலே இளகும். தம்புள்ளை, கலேவெல பக்கத்துச் செங்கபில மண் அப்படியில்லை. வெயில் காலத்துல சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும், நனைஞ்சால் ஒட்டும். ஓகஸ்ட் மாசத்துல அங்கே கட்டை பிடுங்கப் போறது வீண் வேலை. அவசரம் என்றால் முதல் நாள் பின்னேரம் கட்டையைச் சுற்றி அலவாங்கால நாலு இடத்துல ஒரு அடி ஆழத்துக்குக் குத்தி, ஒவ்வொரு குத்திலயும் தண்ணீர் ஊற்றி விடுங்க. மேலே மட்டும் வாளியால ஊற்றினால் தண்ணீர் ஓடிப்போகும், உள்ளே இறங்காது.

மறுநாள் காலையில, நல்ல கட்டையாக இருந்தால், நாலு திசைக்கும் மெதுவா அசைங்க. தலையைப் பிடிச்சுத் தள்ளாதீங்க, இடுப்பு உயரத்துல பிடிங்க. தலையைத் தள்ளினால் வளையும். ஜி.ஐ. பைப் என்றால் இன்னும் லேசு. பைப் ரென்ச் போட்டு அரைச்சுற்று இந்தப் பக்கம், அரைச்சுற்று அந்தப் பக்கம் திருகுங்க, மண்ணோட ஒட்டு விட்டுப்போகும். எங்கல் அயன் திரும்பாது, அதை அசைக்கத்தான் முடியும்.

அப்புறம் தூக்கு. ஒரு சங்கிலியைத் தரையோட ஒட்டினாப்போல இரண்டு சுற்றுச் சுற்றிக் கொளுக்கியை மாட்டுங்க. வழுக்கினால் கட்டையில துளை போட்டு ஒரு போல்ட் ஏற்றி, சங்கிலியை அதுக்குக் கீழே கொடுங்க. ஐந்தடி அலவாங்கின் நுனியைச் சங்கிலிக்குள்ள விட்டு, கட்டையிலிருந்து அரையடி தள்ளி ஒரு மரக்குற்றியை முட்டுக்கொடுங்க. அந்தப் பக்கம் அரையடி, உங்கள் கைப்பக்கம் நாலரையடி. ஒன்பது மடங்கு. நீங்க 40 கிலோ பாரம் கொடுத்து அழுத்தினால் கட்டையை 360 கிலோ மேலே இழுக்கும். ஆனால் கை இரண்டடி இறங்கினால் கட்டை மூன்று அங்குலம்கூட ஏறாது. சங்கிலியைக் கீழே இறக்கி இறக்கி மாட்டிக்கொண்டே போகணும், பொறுமை வேணும். ஈரக் களியில இன்னும் மெதுவா. கட்டை எழும்பும்போது அடியில காற்று புக நேரம் கொடுக்கலைன்னா மண் திரும்ப உறிஞ்சிப் பிடிக்கும்.

வாகன ஜாக்கி இருந்தால் அதை ஒரு அகலப் பலகையில வைத்துச் சங்கிலியைத் தூக்கலாம். பலகை இல்லாமல் வைத்தால் கட்டை மேலே வராது, ஜாக்கிதான் மண்ணுக்குள்ள போகும்.

லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துல கட்டி இழுக்கிறது எல்லாருக்கும் பிடிச்ச வழி. எனக்குப் பிடிக்காத வழி. பக்கவாட்டுல இழுத்தால் கட்டை தரைமட்டத்துல முறியும், இல்லைன்னா வளைஞ்சு பழைய இரும்புக்குத்தான் ஆகும். இழுத்தே ஆகணும்னா கட்டைக்குப் பக்கத்துல டயர் இல்லாத ஒரு ரிம்மை நிமிர்த்தி வைத்து, சங்கிலியை அதன் மேலால கொண்டுபோங்க. அப்போ இழுவை மேல்நோக்கித் திரும்பும். நைலோன் கயிறு வேண்டவே வேண்டாம். அறுந்தால் திரும்பி வந்து அடிக்கும். சங்கிலி மேலே நனைஞ்ச சாக்கு ஒன்றைப் போட்டு, பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்க.

அடியில கொங்கிரீட் போட்ட கட்டை தனிக் கதை. ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழம் என்றால் கொங்கிரீட் மட்டும் 100 கிலோ. அதை நேரா தூக்க நினைக்காதீங்க. ஒரு பக்கம் மட்டும் கொங்கிரீட்டின் அடிவரைக்கும் சரிவாத் தோண்டி, அந்தக் குழிக்குள்ள சாய்ச்சு, உருட்டி மேலே ஏற்றுங்க. இல்லைன்னா குழிக்குள்ளேயே சம்மட்டியால உடைச்சு எடுங்க. தோண்டும்போது தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொள்ளுங்க. தோட்டங்கள்ல பீவீசி குழாய் ஒரு சாண் ஆழத்துல போகும்.

முறிஞ்ச அடிக்கட்டை வரவே வராதுன்னா, பாதையோரம், வீட்டு வாசல் என்றால் ஒரு அடி ஆழத்துல அறுத்து மூடிவிடலாம். உழுற நிலத்துல அப்படி விடாதீங்க.

மலைச்சரிவுல வீடு உள்ளவங்க இதைக் கவனமாக் கேளுங்க. நேரா நட்ட வேலிக் கட்டைகள் வரிசையா எல்லாமே பள்ளத்துப் பக்கம் சாய்ஞ்சிருந்தால், கட்டையில பிழையில்லை. மண் மெல்ல நகருது. பக்கத்துல தரையில வெடிப்பும் இருந்தால் பிடுங்குற வேலையை நிறுத்திவிட்டு, கிராம உத்தியோகத்தர் மூலமா தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லுங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மழைக்கு நம்ம மாவட்டத்துல மண் எப்படிச் சரிஞ்சதுன்னு யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. கட்டை சாயாத சரிவுலகூட, பிடுங்கின குழியைத் திறந்து விடாதீங்க. மழைத் தண்ணீர் நேரா உள்ளே இறங்க நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். அன்றைக்கே மண் போட்டு, அரையடிக்கு ஒரு தரம் இடிச்சு மூடுங்க.

எடுக்காமல் விடுற பைப் கட்டைகளின் வாயையும் பாருங்க. மூடி இல்லாத பைப்புல மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும். பிஎச்ஐ வந்து பார்த்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்துல வழக்குப் போடலாம். ஒரு கைப்பிடி சீமெந்து வைத்து அடைச்சால் முடிஞ்சது. எடுத்துக் குவிச்ச பைப்புக்குள்ள கையை விடாதீங்க, குளவியும் பாம்பும் குடியிருக்கும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பை அறுக்கிறது, ஒட்டுறது எல்லாம் திறந்த வெளியில செய்யுங்க. அந்தப் புகையை மூடின அறையில சுவாசிச்சால் இராத்திரி காய்ச்சல் அடிக்கும்.

புது வேலி எப்படிப் போடலாம்னு கேட்டால், யானை ஆய்வாளர்கள்கிட்ட இருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ போன்றவங்க வயலுக்குப் பருவகால மின்வேலியைச் சொல்றாங்க. விதைக்கும்போது ஊர்க்காரரே வேலியை நடுவாங்க, அறுவடை முடிஞ்சதும் கழற்றிவிடுவாங்க, பிறகு யானை வந்து வைக்கோல் அடியை மேயும். கழற்றணும்னு நினைச்சே நடுற வேலி அது. நாமும் மூலைக் கட்டைக்கு மட்டும் கொங்கிரீட் போட்டு, நடுக்கட்டைகளை வெறும் மண்ணுல இடிச்சு நிறுத்தினால் போதும்.

மிளகு உள்ளவங்களுக்கு நடுக்கட்டையே இரும்பா இருக்க வேண்டியதில்லை, கிளிசரிடியா போதும். மிளகு ஏறும், தழை உரமாகும். ஒக்டோபர் மழை இரண்டு பெய்து மண் இளகினதும் பழைய கட்டையைப் பிடுங்கி, அதே குழியைக் கொஞ்சம் அகலமாக்கி, முற்றின கிளிசரிடியாத் தடியை அன்றைக்கே நட்டுவிடுங்க. மழை விட்டுப்போனால் இரண்டு வேலையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.