தொழுநோயின் கணக்கு



ஒரு வியாதி ஒரு பிரதேசத்தில் குறைந்துவிட்டதென்று சொல்லும்பொழுது உண்மையில் எது குறைந்ததென்று சொல்கிறோம் என்னும் வினா ஒன்றையே இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருளாகக் கொண்டு, தொழுநோயை அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-இல் இந்நோயின் கிருமியைக் கண்டு, இது வம்சவழி வருவதன்று என்று நிலைநாட்ட முற்பட்ட பின்னும், 1898-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் ஏழை நோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் வழங்கிற்று. வீடும் வசதியும் உடைய நோயாளியை அது தீண்டவில்லை. கிருமிக்குத் தெரியாத இந்தப் பேதம் 2016 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அடைத்துவைக்கும் மனோபாவத்துக்கு மாறான முயற்சிகள் பல நம் வட தமிழ்நாட்டிலேயே நடந்தன. தேசிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய 1955-ஆம் ஆண்டிலேயே, செங்கற்பட்டில் மத்திய ஆராய்ச்சி நிலையமும், வேலூரை அடுத்த கரிகிரியில் ஆராய்ச்சி மருத்துவமனையும் தோன்றின. காங்கோவில் பணிபுரிந்து வந்த பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ், கிளேர் வெல்லூ அம்மையாரோடு பொலம்பாக்கத்தில் அமர்ந்து, நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைப்பதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியையே கிராமத்து மரத்தடிக்குக் கொண்டுசென்று, குறித்த நாளில் டாப்சோன் மாத்திரை கொடுத்துத் திரும்பும் வழக்கத்தை ஏற்படுத்தினார். மாத்திரை மலிவானது என்பதனாலேதான் இது சாத்தியமாயிற்று. ஆயினும் மலிவான மருந்தை மரத்தடிவரை சுமந்துசெல்லும் மனம் எங்கும் மலிவாகக் கிடைத்துவிடவில்லை.

டாப்சோன் காலத்தில் சிகிச்சை பல்லாண்டு நீடித்தது. கிருமி மிகுந்தவர்களுக்கோ ஆயுட்காலம் வரை. ஆகவே ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதில்லை. கிருமி அம்மருந்துக்கு அடங்காமற் போகவே, 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் அதனோடு ரிஃபாம்பிசினும் குளோஃபசிமினும் சேர்ந்த கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தனர். இப்போது ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் மாத்திரை அட்டைகளை முறையாக உண்டு முடித்தவர் பெயர் அடிக்கப்பட்டுவிடுகிறது. இவ்வாறு, 1980-களின் தொடக்கத்தில் பதினாயிரம் பேருக்கு ஐம்பதுக்கு மேலிருந்த இந்தியாவின் நோயாளிப் பதிவு விகிதம், 2005 டிசம்பரில் ஒன்றுக்குக் கீழே இறங்கிற்று. இது மகத்தான சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏரியின் மதகை அகலத் திறந்தால் நீர்மட்டம் தாழும். அதனால் வரத்துக்கால் வற்றிற்றென்று ஆகாது.

வரத்து இன்னும் நிற்கவில்லை. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, வங்காளம் என்று கிழக்குக் கரையோரமாக ஒரு காலத்தில் அடர்ந்திருந்த நோய், இன்று சத்தீஸ்கர், பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா முதலிய பகுதிகளில் மிகுந்து காணப்படுகிறது. தெற்கே இவ்வளவு தணிந்ததற்கு, பல்லாண்டு வீடுவீடாகச் சென்று சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்த ஆய்வாளர்களின் உழைப்பு ஒரு முக்கிய காரணமென்பது என் அபிப்பிராயம். விகிதம் ஒன்றுக்குக் கீழ் வருமுன்னரே அவர்களுடைய தனிப்பிரிவு பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆகையால் பதிவேட்டின் நீளத்தைப் பாராது வேறு இரண்டை நான் பார்ப்பேன்: புதிய நோயாளிகளில் குழந்தைகள் எத்தனை பேர், விரல் மடங்கியபின் வந்தவர் எத்தனை பேர் என்பவை. குழந்தையிடம் நோய் தோன்றினால் அக்கம்பக்கத்தில் சமீபத்தில் பரவல் நிகழ்ந்திருக்கிறது. விரல் மடங்கி வருபவரோ, உணர்ச்சியற்ற தேமலோடு நெடுநாள் நடமாடியும் யார் கண்ணிலும் படாதிருந்தவர். வேலூரில் பால் பிராண்டு தசைநாண்களை மாற்றிப் பொருத்தி அத்தகைய கைகளை நிமிர்த்தினார் என்றாலும், தொடக்கத்திலேயே மாத்திரை பெற்றிருந்தால் அவர்களிற் பலருக்குக் கத்தியே தேவைப்பட்டிராது. நோயாளியின் வீட்டாருக்கும் அண்டையிலுள்ளோருக்கும் ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுத்து நோயை ஓரளவு தடுக்கலாமென்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டியிருக்கிறது. அதைக் கொடுப்பதற்கும் முதலில் அந்நோயாளி இன்னாரென்று கண்டறிய, கிராம சுகாதாரச் செவிலியர் மறுபடியும் வாசற்படி ஏறியாக வேண்டும்.